சிப்பிப்பாறை வாங்கலாமா? வேலை போன ஒரு வேட்டை நாயின் வரலாறு

(பேசிய எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியிருக்கிறோம்.)

கொஞ்ச நாளா நமக்கு வர்ற மெயில்கள்ல ஒரே கேள்வி வேற வேற ரூபத்துல வந்துகிட்டே இருக்கு. "ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்ல இருக்கோம், சிப்பிப்பாறை வளர்க்கலாமா?" இன்னொருத்தருக்கு ராஜபாளையம் வேணும். இன்னொருத்தர் ஹஸ்கி பார்த்து வச்சிருக்கார். ஒரு நண்பர் பெல்ஜியன் மாலினாய்ஸ் குட்டிக்கு அட்வான்ஸே கொடுத்துட்டார், அதுக்கப்புறம்தான் கேக்குறார்.

இது வரலாற்று பாட்காஸ்ட். நாய் வளர்ப்புக்கு நிறைய சேனல் இருக்கு, எவ்வளவு சாப்பாடு, எந்த ஷாம்புன்னு அவங்க நல்லாவே சொல்வாங்க. ஆனா "இந்த நாய் என் வீட்டுக்குச் சரிப்படுமா?" என்பது உண்மையில் வரலாற்றுக் கேள்விதான்னு எனக்குத் தோணுது. வேலைக்காக உருவாக்கப்பட்ட நாயினம் என்றால், யாரோ ஒரு முதலாளி, ஏதோ ஒரு நிலம், ஏதோ ஒரு வேலை, இந்த மூணும் பல நூறு வருஷம் சேர்ந்து செதுக்கிய உடம்பு அது. முதலாளி போய்ட்டார், நிலம் மாறிடுச்சு, வேலை சட்டப்படி குற்றமாயிடுச்சு. உடம்பு மட்டும் அப்படியே இருக்கு. அந்த உடம்பைத்தான் நாம ஃப்ளாட்டுக்குக் கூட்டிட்டு வரப் பார்க்கிறோம். அதனால வாங்குறதுக்கு முன்னாடி அதோட பழைய வேலை என்னன்னு தெரிஞ்சுக்கணும். இன்னைக்கு அதைத்தான் பேசப்போறேன். பெரும்பாலும் சிப்பிப்பாறை, கொஞ்சம் ராஜபாளையம். ஹஸ்கிக்காரங்க கொஞ்சம் பொறுங்க, கடைசியில வர்றேன்.

எங்க ஊர் இலத்தூர். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் மூணுக்கும் நடுவுல இருக்கு. குற்றாலம் பக்கம்னு சொன்னாதான் சென்னையில புரியும். இலத்தூர் விலக்குல மதுரை ரோட்டைப் பிடிச்சு வடக்கே போனா கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி, அப்புறம் ராஜபாளையம். இடது கைப் பக்கம் முழுக்க மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். மலையை ஒட்டி வயல், தென்னந்தோப்பு, குளம். ஆனா எந்த இடத்திலயாவது வலது பக்கம், சங்கரன்கோவில், திருவேங்கடம் திசையில திரும்பிப் பாருங்க. கொஞ்ச தூரத்துலயே தண்ணி குறைஞ்சு, மண் கறுத்து, கரிசல் காடு தொடங்கிடும். சிப்பிப்பாறை என்பது அந்தக் கரிசலில் இருக்கிற ஒரு ஊரோட பேர். இன்னைக்கு விருதுநகர் மாவட்டம். கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரம் முழுக்க அந்த நாய்க்குச் சொந்த ஊர்தான்.

இலத்தூர் மாதிரி ஊர்ல ஏன் இப்படி ஒரு நாய் உருவாகல? காரணம் ரொம்பச் சாதாரணம். நெல் வயல்ல முயலைத் துரத்த முடியாது. வரப்பு, சேறு, வாய்க்கால். நாய் நாலு தாவு தாவுறதுக்குள்ள காலை உடைச்சுக்கும். கரிசல்ல கம்பு, சோளம், பருத்தி எல்லாம் எடுத்து முடிச்சா அடுத்த மழை வரைக்கும் நிலம் வெறிச்சோடிக் கிடக்கும். கண்ணுக்கு எட்டின தூரம் வரை மறைப்பு கிடையாது. முயல் ஓடினா நானூறு அடி தள்ளி நிக்கிற நாய்க்கும் தெரியும். சிப்பிப்பாறையும் அதோட கறுப்பு உறவான கன்னியும் (ரெண்டும் ஒரே இனமா, தனித்தனியா என்கிற சண்டை நாய்க்காரர்களுக்குள்ள இன்னும் ஓடுது, நான் அதுல தலையிடல) மோப்பத்தை நம்பி வேட்டையாடுற நாய்கள் இல்லை. கண்ணை நம்புற நாய்கள். ஆங்கிலத்தில் சைட்ஹவுண்ட்னு சொல்ற வகை. கிரேஹவுண்ட், சலூகி எல்லாம் இதே வகைதான்.

இந்த வகை நாய் ஓடுறதை மெதுவாக்கின வீடியோவில் பார்த்தீங்கன்னா ஒண்ணு கவனிக்கலாம். ஒரு தாவலுக்குள்ள ரெண்டு தடவை நாலு காலும் தரையில் இருக்காது. உடம்பு முழுக்கச் சுருங்கும்போது ஒரு தடவை, முழுக்க நீளும்போது ஒரு தடவை. குதிரைக்குக் கூட ஒரு தடவைதான். ஆழமான நெஞ்சு, ஒட்டின வயிறு, வில் மாதிரி வளையுற முதுகு, எல்லாமே இதுக்காகத்தான். பந்தய கிரேஹவுண்ட் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கும். ஆனா அந்த வேகம் ஒரு நிமிஷம்கூட நீடிக்காது. துரத்தல் முடிஞ்சதும் நாய் வந்து நிழல்ல விழுந்து தூங்கும். மீதி நாள் பூராவும் தூக்கம்தான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க. "ஹை எனர்ஜி"ன்னு எல்லா வேலை நாய்க்கும் ஒரே லேபிள் ஒட்டுறாங்களே, அது பாதிப் பொய்.

சரி, இந்த நாய்க்கு யார் சோறு போட்டாங்க?

16-ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் ஆட்சியைத் தொடங்கின விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் நாட்டைப் பாளையங்களாகப் பிரிச்சாங்க. 72 பாளையம்னு கணக்கு சொல்வது மரபு. மலையடிவாரப் பக்கம் பெரும்பாலும் மறவர் பாளையங்கள். சிவகிரி, சேத்தூர், ஊத்துமலை, சொக்கம்பட்டி, பூலித்தேவரோட நெற்கட்டும்செவல். கிழக்கே கரிசல் பக்கம் தெலுங்கு பேசும் நாயக்கர் பாளையங்கள். எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி. பாளையக்காரருக்குக் கோட்டை, காவல் உரிமை, படை, அதோட வேட்டை. வேட்டைன்னா பொழுதுபோக்கு மட்டும் இல்லை. இந்தக் காடு யாருடையதுன்னு ஊருக்குக் காட்டுற வேலையும் அதுதான்.

பாஞ்சாலங்குறிச்சி உருவான கதை நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். கட்டபொம்மனோட முன்னோர் வேட்டைக்குப் போனப்போ, ஒரு இடத்துல முயல் திரும்பி நின்னு வேட்டை நாய்களையே விரட்டிச்சாம். இது வீரம் விளைஞ்ச மண்ணுன்னு அங்கேயே கோட்டை கட்டினாங்களாம். சுவாரஸ்யம் என்னன்னா, இதே கதை விஜயநகரத்துக்கும் உண்டு. ஹரிஹரர், புக்கர் ரெண்டு பேரும் துங்கபத்திரைக் கரையில முயல் நாயை விரட்டுறதைப் பார்த்து அங்கே நகரம் அமைச்சாங்கன்னு. அகமதாபாத்துக்கும் இதே கதை சொல்றாங்க. விஜயநகரத்தோட நாயக்கர்கள் தெற்கே வந்தப்போ கதையும் கூடவே வந்திருக்கும்னு நான் நினைக்கிறேன். முயல் நாயை விரட்டிச்சாங்கிறது இருக்கட்டும். ஒரு அரசு தன் பிறப்பைச் சொல்லும்போதே நாயோடு வேட்டையில் இருந்ததா சொல்லிக்குதுல்ல, எனக்கு அதுதான் முக்கியமாப் படுது. நாய் இல்லாம பாளையக்காரரைக் கற்பனை பண்ணிப் பார்க்கவே அவங்களால முடியல.

ராஜபாளையம் நாயும் இந்த உலகத்தோட பிள்ளைதான். விஜயநகரக் காலத்தை ஒட்டித் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறின ராஜுக்கள் வாழ்ந்த ஊர் ராஜபாளையம். பின்னாடியே மலை. இங்கே வேலை வேற. காட்டுப்பன்றியை எதிர்க்கணும், ராத்திரி தோட்டத்தையும் வீட்டையும் காக்கணும். அதனால சிப்பிப்பாறையைவிட எலும்பு கனம், உயரம், அந்நியர் மேல சந்தேகம். ஆங்கிலேயர் எழுதின நாய்ப் புத்தகங்கள்ல பாலிகர் ஹவுண்ட்னு ஒரு பேர் வரும். பாளையக்காரர் நாய்னு அர்த்தம். பாளையப் போர்கள்ல இந்த நாய்கள் ஆங்கிலேயக் குதிரைப்படையோட குதிரைக் காலைக் கடிச்சதா ஒரு கதை எல்லா ரீல்ஸ்லயும் ஓடுது. அதை நான் ஊர்ப் பெருமையா எடுத்துக்கறேன், வரலாறா எடுத்துக்கல.

ஆனா ராஜபாளையத்தோட வெள்ளை நிறம் பத்தி ஒண்ணு சொல்லியாகணும். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு, இதுதான் மதிப்புன்னு தலைமுறை தலைமுறையா அதையே தேர்ந்தெடுத்தாங்க. நிறம் கொடுக்கிற செல்கள் தோலுக்கு மட்டும் இல்லை, உள்காதுக்கும் வேணும். அந்த செல்கள் உள்காதுல இல்லேன்னா, பிறந்து சில வாரத்துல கேட்கும் திறனே போயிடும். உடம்பு முழுக்க வெள்ளையா வேணும்னு இறுக்க இறுக்க, காது கேட்காத குட்டிகள் பிறக்கிற வாய்ப்பும் கூடும். ராஜபாளையம் குட்டிகள்ல இந்தப் பிரச்சினை உண்டு. டால்மேஷியனுக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் சோதிச்சப்போ சுமார் 30 சதவீத டால்மேஷியன்களுக்கு ஒரு காதாவது கேட்கல. பழைய காலத்துல காவலுக்கு உதவாத குட்டி என்ன ஆகியிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. "சுத்தமான இனம்"னு நாம கொண்டாடுற வரலாறு முழுக்க ஓடாத குட்டி, குரைக்காத குட்டி, நிறம் தப்பின குட்டி எல்லாத்தையும் கழிச்சுக் கட்டின வரலாறும்தான்.

இப்போ வேலை போன கதைக்கு வருவோம். ஐடில இருக்கறவங்களுக்கு இது நல்லாப் புரியும்.

1799 அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டாங்க. 1801-ல ரெண்டாவது பாளையப் போரும் முடிஞ்சது. கோட்டைகளை இடிச்சாங்க, ஆயுதங்களைப் பறிச்சாங்க, மிஞ்சின பாளையங்களை வரி கட்டுற ஜமீன்களா மாத்தினாங்க. படை போயிடுச்சு, வேட்டை மட்டும் மிச்சம். நாய்க்கு அடுத்த நூத்தம்பது வருஷம் ஜமீன் வீட்டு வாசல்ல வேலை. பிறகு 1948-ல ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அரண்மனைகளுக்கே வெள்ளையடிக்கக் காசு இல்லாம போனப்போ வேட்டை நாய்க்கு யார் தீனி போடுவாங்க?

அந்த இடத்துலதான் இந்த நாய் தப்பிச்சதுன்னு நான் நினைக்கிறேன். ஏன்னா அதுக்குள்ள அது அரண்மனை நாயா மட்டும் இல்லை. கரிசல் சம்சாரிங்க, ஆடு மேய்க்கிறவங்க, கூலி வேலைக்குப் போறவங்க எல்லாரும் வளர்த்தாங்க. கம்பங்கூழ் குடிக்கிற வீட்டுல நாய்க்கும் கூழ்தான். முயல் கிடைச்சா அன்னைக்குக் குழம்பு. ஜமீனுக்குப் பெருமையா இருந்தது இவங்களுக்குக் கறியா இருந்தது. ஆனா வேட்டை நாய் வச்சிருக்கிறதும், காட்டுல உரிமையோட நடக்கிறதும் எல்லாருக்கும் ஒரே மாதிரி அனுமதிக்கப்பட்ட விஷயமா இருந்ததில்லை. 2018-ல வந்த மாரி செல்வராஜோட 'பரியேறும் பெருமாள்' தொடங்குறதே அதுலதான். கருப்பியைத் தண்டவாளத்துல கட்டிப்போட்டுக் கொல்றது நாய் மேல இருக்கிற கோபத்துல இல்லை. அந்த நாயை யார் வச்சிருக்காங்கன்னுதான் கோபம். கருப்பியைப் பார்த்து அழுத நம்மில் பலர் அடுத்த வாரமே "கருப்பி மாதிரி குட்டி எங்க கிடைக்கும்"னு தேடினோம். படம் சொன்னதுக்கும் நாம கேட்டதுக்கும் நடுவுல உள்ள தூரத்தைக் கொஞ்சம் பாருங்க.

அடுத்து சட்டம். 1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்தோட பொழுதுபோக்கு வேட்டைக்கான உரிமங்களும் ஒழிஞ்சது. இன்னைக்கு முயல் சட்டப் பாதுகாப்பு உள்ள விலங்கு. உங்க நாயை விட்டு அதைப் பிடிக்கிறது குற்றம். நான் அந்தச் சட்டத்துக்கு ஆதரவு, அதுல சந்தேகமே இல்லை. ஆனா சிப்பிப்பாறை பக்கம் இருந்து பார்த்தா, அது எதுக்காகப் பிறந்ததோ அந்த வேலையே குற்றமாயிடுச்சு.

போதாததுக்கு நிலமும் மூடிக்கிச்சு. கடந்த நூற்றாண்டோட பின்பாதியில சீமைக்கருவேலம் தென் மாவட்டம் முழுக்கப் பரவினது தெரியும். கண்மாய், தரிசு, ரோட்டோரம் எல்லாம் முள் காடு. கண்ணால வேட்டையாடுற நாய்க்குப் பத்தடிக்கு அப்பால பார்க்க முடியாத நிலம். நிலத்தடி நீர் பத்தி நிறையப் பேசினோம், இதை யாரும் பேசினதா ஞாபகம் இல்லை.

இப்படி ஒண்ணொண்ணா வேலை போன நாய்க்கு இந்த இருபது வருஷத்துல திடீர்னு மவுசு வந்தது. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நாலு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது, அதுல ராஜபாளையமும் ஒண்ணு. அஞ்சல் துறையில் உயர் பதவியில் இருந்து ஓய்வு பெற்ற சு. தியடோர் பாஸ்கரன் நம்ம நாட்டு நாயினங்கள் பத்தித் தொடர்ந்து எழுதினார். 2017-ல வந்த அவரோட ஆங்கிலப் புத்தகம் இந்த விஷயத்துல ஆர்வம் உள்ள யாருக்கும் நல்ல தொடக்கம். அதே வருஷம் ஜனவரியில் மெரினாவுல ஜல்லிக்கட்டுப் போராட்டம். அதை ஒட்டின காலத்துலதான், சைதாப்பேட்டையில் கால்நடைத் துறை 1980-களின் தொடக்கத்திலிருந்து நடத்தி வந்த நாய் இனப்பெருக்கப் பிரிவை மூடணும்னு உயர் நீதிமன்றம் சொன்ன செய்தியும் பரவிச்சு. அங்கே நாய்களை வச்சிருந்த நிலைமை பத்தின புகார்கள் பின்னணியில இருந்தது. வாட்ஸப்ல அந்தப் பகுதி வரல. "காளையை அழிச்சாங்க, இப்போ நாயையும் அழிக்கறாங்க"ன்னு மட்டும் வந்தது. அப்புறம் 2020 ஆகஸ்ட் 30, பிரதமர் தன்னோட மன் கி பாத் உரையில ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் பேர் சொல்லிக் குறிப்பிட்டு, நாய் வளர்க்க நினைச்சா இந்திய இனத்தை வளர்க்கச் சொன்னார். லாக்டவுன்ல எல்லாரும் வீட்டுல இருந்த நேரம் வேற.

நாட்டு இனம் பிழைக்கணும்ங்கறதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனா ஆட்டுக்கோ மாட்டுக்கோ இல்லாத ஒரு சிக்கல் நாய்க்கு இருக்கு. காங்கேயம் காளை மேல ஆசை வந்தா நீங்க அதைப் பெருங்குடி ஃப்ளாட்டுக்குக் கூட்டிட்டு வர மாட்டீங்க. நாயைக் கூட்டிட்டு வருவீங்க. பெருமைக்காக வாங்கின நாய் பெருமையை மட்டும் சாப்பிட்டு வாழாது. ஒரு இனம் பிரபலமாவது அந்த இனத்துக்கு நல்லதுன்னு நினைக்கிறோம். 2014-ல வெளிவந்த ஒரு ஆய்வு, அமெரிக்க கென்னல் கிளப்போட பதிவுகளைத் திரைப்படங்களோட ஒப்பிட்டுப் பார்த்தது. ஒரு படம் ஹிட்டானா அதுல வந்த நாயினத்தோட பதிவு பத்து வருஷம் வரைக்கும்கூட ஏறிக்கிட்டே போகுது. அந்த இனத்தோட உடல்நலமோ குணமோ வாங்குறவங்க கணக்குலயே இல்லை.

சரி, இப்போ வீட்டுக்கு வருவோம். உங்க முன்னாடி ஒரு குட்டி இருக்கு, பால் வாசனை, பெரிய கண்ணு. என்ன யோசிக்கணும்?

முதல்ல, அதோட பழைய வேலை எந்த மாதிரி சோர்வைக் கேட்டது? சிப்பிப்பாறைக்கு ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம், ஆனா முழு வேகத்துல, கயிறு இல்லாம, சுத்தி அடைச்ச இடத்துல ஓட வேணும். மத்தபடி வீட்டுக்குள்ள அது ஆச்சரியப்படுற அளவுக்கு அமைதியான நாய். சோஃபாவுல படுத்தா எந்திரிக்காது. அதனால "ஃப்ளாட்டா, வீடா"ங்கறது எனக்கு முக்கியமான கேள்வியாப் படல. ஓட விட நாலு பக்கமும் சுவரோ வேலியோ உள்ள மைதானம் தினமும் கிடைக்குமாங்கறதுதான் கேள்வி. உங்க ஏரியால அப்படி ஒரு இடம் இருக்கா? இருந்தா யார்கிட்ட அனுமதி கேக்கணும்? சென்னையில இந்த ஒரு கேள்வியிலயே முக்கால்வாசிப் பேர் நின்னுடுவாங்க. தெருவுல கயிற்றோட ஒரு மணி நேரம் நடக்கிறது உங்க உடம்புக்கு நல்லது. அந்த நாய்க்கு அது வேலையே இல்லை.

"கூப்பிட்டா வந்துடும், நல்லா பழக்கியிருக்கேன்"னு கயிற்றைக் கழட்டாதீங்க. கண்ணு முன்னாடி ஏதாவது ஓட ஆரம்பிச்சா அந்த நாய் காதுல எதுவும் ஏறாது. துரத்தும்போது ஆளைக் கேட்டு முடிவெடுக்கிற நாயை எந்த வேட்டைக்காரனும் வச்சுக்கல, தானா முடிவெடுக்கிறதைத்தான் வளர்த்தான். ஓஎம்ஆர்ல அதுக்கு அர்த்தம் லாரி. எங்க ஊர்ல வேற அர்த்தம். இலத்தூர் குளத்துக்குக் குளிர்காலத்துல வலசைப் பறவைகள் வருது, கரையில மயில் மேயுது, சுத்தி ஆட்டு மந்தை. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில சோஹோ வந்ததுக்கு அப்புறம், வீட்டிலிருந்தே வேலைங்கற ஏற்பாடும் வந்ததுக்கு அப்புறம், ஊருக்குத் திரும்பின நம்ம செட்டு ஆளுங்க பலர் "இங்கதான் இடம் இருக்கே"ன்னு நாய் வாங்குறாங்க. இடம் இருக்கு, உண்மைதான். அந்த இடத்துல ஏற்கெனவே ஆளுங்களும் ஆடும் பறவையும் இருக்கு. ஒரு ஆட்டுக்குட்டியைக் கடிச்சா அது ஆடு வச்சிருக்கறவரோட ஒரு மாச வருமானம். மயிலைக் கடிச்சா வனத்துறை. மேய்ச்சல்காரர்கிட்ட நாய்க்கு மன்னிப்பு கேக்குறதைவிட வேலி போடுறது மலிவு.

ராஜபாளையம் வேற மாதிரி. அதோட வேலை ஓட்டத்துல பாதி, சந்தேகத்துல பாதி. ஒரு வீட்டு ஆளுங்களை மட்டும் நம்பி, மத்த எல்லாரையும் வெளியாளாப் பார்க்கணும்னு வளர்த்த நாய். தோட்ட வீட்டுக்கு அது பொருத்தம். லிஃப்ட்ல தினமும் பத்து அந்நியர், டெலிவரிக்கு வர்ற அஞ்சு பேர், பக்கத்து வீட்டுக் குழந்தை, இந்த வாழ்க்கையில அந்தக் குணம் ஒரு கேஸா மாறும். குட்டியிலிருந்தே பலதரப்பட்ட ஆளுங்களோட பழக்கினா எவ்வளவோ மாறும், ஆனா அதுக்கு நீங்க வீட்டுல இருக்கணும். வெள்ளைக் குட்டின்னா பின்னாடி நின்னு சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்க. ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இந்தச் சோதனை காட்டாது. அதுக்கு மூளை அலையை வச்சு அளக்கிற பரிசோதனை இருக்கு, பெரிய கால்நடை மருத்துவமனைகள்ல விசாரிங்க. காது கேட்காத நாயைக் கை சைகையில் அருமையா வளர்க்கலாம். தெரியாம வாங்கித் தெரிஞ்சதும் விட்டுடறதுதான் கொடுமை.

இன்னொண்ணு, இதைப் பல பேர் சொல்றதில்லை. சைட்ஹவுண்ட் வகை நாய்களுக்கு உடம்புல கொழுப்பு ரொம்பக் குறைவு. தயோபென்டால் மாதிரி சில பழைய மயக்க மருந்துகள் அதனால உடம்பைவிட்டு இறங்க ரொம்ப நேரமாகும். கிரேஹவுண்டுகள்ல இது நல்லாப் பதிவான விஷயம். கருத்தடை ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறப்போ "இது சைட்ஹவுண்ட்"னு டாக்டர்கிட்ட வாயைத் திறந்து சொல்லுங்க. விலா எலும்பு தெரியுதுன்னு சாப்பாட்டைக் கொட்டவும் வேண்டாம். அந்த உடம்போட வாட்டமே அப்படித்தான்.

ஹஸ்கிக்காரங்களே, உங்க முறை. 1925-ல அலாஸ்காவின் நோம் நகரத்துல டிப்தீரியா பரவினப்போ, 20 ஓட்டிகளும் சுமார் 150 நாய்களும் தொடர் ஓட்டமா ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல பனியில மருந்தைக் கொண்டு சேர்த்தாங்க. அஞ்சரை நாள். அந்த ஓட்டத்தால புகழ் பெற்றதுதான் ஹஸ்கி. சிப்பிப்பாறை ஒரு நிமிஷத்துல முடிக்கிற வேலைக்கு இது நேர் எதிர். நாள் பூரா, களைக்காம, கடுங்குளிர்ல. மே மாச வேளச்சேரியில ஏசி போட்டு அதைக் காப்பாத்தலாம், ஆனா ஓட விட முடியாது. 19-ஆம் நூற்றாண்டுல ஆங்கிலேயர் தங்கள் நாட்டு ஃபாக்ஸ்ஹவுண்டுகளைக் கப்பல்ல கொண்டுவந்து தமிழ்நாட்டுல நரி வேட்டை நடத்தினாங்க. அந்த வேட்டை நிலைச்சது ஊட்டியில. ஆட்சியே கையில இருந்தவங்களும் நாய்க்காக மலை ஏறினாங்க.

பார்டர் காலி, மாலினாய்ஸ் ரெண்டும் இன்னும் கஷ்டம். அதுங்களுக்கு ஓட்டம் மட்டும் போதாது, வேலை வேணும். காலை முதல் மாலை வரை மேய்ப்பர் விசிலைக் கேட்டு ஆட்டைத் திருப்பின நாய்க்கு வேலை இல்லேன்னா அது தானா ஒரு வேலை உருவாக்கிக்கும். உங்க அக்கா பையனை ஹால்ல மூலைக்கு ஓட்டும். மாலினாய்ஸ் காவல் படைகள்ல ஜொலிக்குதுன்னா, அங்கே ஒவ்வொரு நாய்க்கும் முழு நேரச் சம்பளத்துல ஒரு ஆள் இருக்கார். உங்ககிட்ட இருக்கறது சனி ஞாயிறு.

நாய்க்கு இப்போ நீங்கதான் பாளையக்காரர். ஆனா அந்தக் காலத்து வேட்டை நாய் தனியா இருந்ததே இல்லை. கூட இன்னும் நாய்கள், பார்த்துக்க ஆள், வாசல்ல எந்நேரமும் மனுஷ நடமாட்டம். காலை ஒன்பது மணிக்குக் கதவைப் பூட்டிட்டு ராத்திரி எட்டு மணிக்குத் திறக்கிற வீடுங்கறது அந்த உடம்போட வரலாற்றுலயே கிடையாது. நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். நீங்க 27 வயசுல வாங்கினா அது போறப்போ உங்களுக்கு நாற்பதை நெருங்கும். நடுவுல வேலை மாறுவீங்க, ஆன்சைட் வரும், கல்யாணம், வாடகை வீட்டுக்காரர், குழந்தை. "அம்மா பார்த்துப்பாங்க"ங்கறது திட்டம் இல்லை. அம்மாகிட்ட கேட்டீங்களா? அறுபது வயசுல முழு வேகத்துல இழுக்கிற ஒரு சிப்பிப்பாறையைக் கயிற்றுல பிடிக்க முடியுமான்னும் சேர்த்துக் கேளுங்க.

இவ்வளவுக்கு அப்புறமும் வாங்குறதா முடிவு பண்ணினா, ஆன்லைன்ல போட்டோ பார்த்து வாங்காதீங்க. கரிசல் பக்கம் நேர்ல போங்க, குட்டியோட தாயைப் பாருங்க, முடிஞ்சா அது ஓடுறதைப் பாருங்க. 2017-ல வந்த மத்திய அரசு விதிகள்படி நாய் இனப்பெருக்கம் செய்யறவங்க மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு செய்யணும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. "நாப்பது நாள் குட்டி, இப்பவே எடுத்துட்டுப் போங்க"ன்னு சொன்னா அங்கேயே கிளம்பிடுங்க. வெறிநாய்க்கடித் தடுப்பூசி, சென்னையில இருந்தா மாநகராட்சி உரிமம், ரெண்டும் அவசியம். வளர்ந்த நாய் ஒண்ணை யாராவது வச்சுக்க முடியாம கொடுக்கத் தயாரா இருந்தா, குட்டியைவிட அதுவே நல்ல தேர்வுன்னு நான் சொல்வேன். அதோட குணம் ஏற்கெனவே வெளியில தெரிஞ்சிருக்கும்.

ஓட விட இடம் கிடைச்சு, ஆனா துரத்த ஒண்ணும் இல்லேன்னா ஒரு வழி இருக்கு. நீளக் கயிற்றுல ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி, சக்கரத்துல சுத்தி வேகமா இழுத்தா, சைட்ஹவுண்ட் அதை முயல் மாதிரியே வளைஞ்சு வளைஞ்சு துரத்தும். வெளிநாட்டுல இதுக்குன்னே போட்டிகள் நடக்குது. பழைய சைக்கிள் ரிம்மும் நூறு மீட்டர் நைலான் கயிறும் போதும். உங்க ஏரியால நாலு நாய்க்காரங்க சேர்ந்து ஒரு பள்ளி மைதானத்தை ஞாயித்துக்கிழமை காலையில கேட்டுப் பாருங்க. கேட் ரெண்டும் சாத்தியிருக்கான்னு பார்த்துட்டுக் கயிற்றைக் கழட்டுங்க.